அடி விழாத பக்கம்

அந்த ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து வந்து நான் சேலையைக்கூட மாற்றியிருக்கவில்லை. வாசலில் பைக் வந்து நின்றது. பின்னால் உட்கார்ந்திருந்த என் மருமகள் ஜெசிந்தா இறங்கினாள். ஓட்டி வந்தவன் இறங்கவில்லை. ஹெல்மெட்டைக் கழற்றலாமா வேண்டாமா என்று யோசிப்பவன் மாதிரி அப்படியே இருந்தான்.

"உள்ள வாப்பா. இங்கன யாரும் உன்னயக் கடிச்சிர மாட்டாங்க" என்றேன்.

பெயர் ரூபன். கீழவைப்பார்க்காரன். துறைமுகத்தில் கிரேன் ஓட்டுகிறான். ஜெசிந்தாவைக் கட்டிக்கொள்ளப் போகிறவன். அந்த ஜெசிந்தா என் மகன் அமலனின் பெண்டாட்டி. கல்யாணமாகி வருஷம் திரும்பும் முன்பே அமலனைக் கடல் கொண்டுபோய்விட்டது.

நாலு வரியில் எழுதிவிட்டேன். எழுதத்தான் முடிகிறது.

இந்தத் தொடரில் இதுவரை கப்பல் ஏஜென்சியில் நான் குப்பை கொட்டிய கதைகளைச் சொல்லி உங்களைச் சிரிக்க வைத்திருக்கிறேன். போன வாரம் வெங்காய மூட்டைக்குள் தூங்கிப்போன சுங்க அதிகாரியைப் பற்றி எழுதினேன். இந்த வாரம் அப்படி ஒன்றும் கைவசம் இல்லை. சிரிப்பு வேண்டுகிறவர்கள் பக்கத்தைப் புரட்டிக்கொள்ளலாம், எனக்கு வருத்தமில்லை.

ரூபன் உள்ளே வந்தான். மடியில் மக்ரூன் டப்பாவை வைத்துக்கொண்டு நாற்காலி நுனியில் உட்கார்ந்தான். எதிரே சாய்வு நாற்காலியில் என் வீட்டுக்காரர். அவர் முகத்தைப் பார்க்க அவனுக்குத் தைரியமில்லை. என் முகத்தையும் பார்க்க முடியாது. அமலன் படம் பக்கம் திரும்பிவிடுவோமோ என்று வேறு பயம் இருந்திருக்கும். அதனால் சுவரில் மாட்டியிருந்த நிலாவைப் பார்த்தான்.

சுவரில் இரண்டு நிலா

என் வீட்டுக்காரரை ஊரில் லூர்து சார் என்றால் தெரியும். பள்ளிக்கூடத்தில் இயற்பியல் எடுத்தவர். ஆய்வகத்துக்கு வெள்ளையடித்தபோது தூக்கிப் போட வைத்திருந்த ஒரு பெரிய படத்தைச் சுருட்டிக்கொண்டு வந்து எங்கள் முன்னறையில் மாட்டிவிட்டார். மாதா படத்துக்கு நேர் எதிரே. நான் எவ்வளவோ கத்தினேன்.

படத்தில் நிலா இரண்டு. ஒன்று நாம் தினம் பார்ப்பது. சாம்பல் சாம்பலாகப் பெரிய திட்டுகள், பார்க்க வழுவழுவென்று இருக்கும். அடுத்தது நாம் ஒருநாளும் பார்க்க முடியாத முதுகுப் பக்கம், விண்கலம் சுற்றிப்போய் எடுத்தது. அதில் திட்டெல்லாம் பேருக்குத்தான். குழி, குழிக்குள்ளே குழி, அதன் விளிம்பில் இன்னொரு குழி. அம்மை போட்டு எழுந்த முகம் மாதிரி இருக்கும்.

வீட்டுக்கு யார் வந்தாலும் அதைப் பார்த்துவிட்டு, "ரெண்டும் ஒரே நிலாவா சார்? பின்ன ஏன் அந்தப் பக்கம் மட்டும் இப்படிக் கிடக்கு?" என்று கேட்பார்கள். அதற்குத்தானே மனுஷன் காத்துக்கிடப்பார். காபி ஆறிப்போகும், வந்த காரியம் மறந்துபோகும். அமலனுக்குச் சம்பந்தம் பேச வந்தவர்கள்கூட நிலாவைப் பற்றிக் கேட்டுவிட்டு எழுந்து போயிருக்கிறார்கள்.

துறைமுகத்துக்காரர் புத்தி

மற்ற ஊர்களில் என்ன பதில் சொல்வார்களோ, எனக்குத் தெரியாது. எங்கள் ஊரில் எல்லோரும் ஒரே பதிலைத்தான் சொல்வார்கள். மீன் கொண்டுவருகிற பெண்ணும் சொன்னாள், பங்குச் சாமியாரும் சொன்னார், என் ஆபீஸ் மேனேஜரும் சொன்னார்.

"அது வெளிப்பக்கம்லா சார். அதான் அடி."

துறைமுகத்தைச் சுற்றிக் கடலுக்குள் கல்லைக் கொட்டி அலைதடுப்புச் சுவர் போட்டிருக்கிறதே, அதைப் பார்த்து வளர்ந்த புத்தி. சுவரின் வெளிப்புறம் ராப்பகலாக அலை அறையும். கல்லெல்லாம் பெயர்ந்து கிடக்கும். உள்புறம் தண்ணீர் அசையாது, கப்பல்கள் மாடு மாதிரி படுத்துக்கிடக்கும். நிலாவிலும் அப்படித்தான் என்று எங்கள் ஆட்கள் முடிவுகட்டிவிட்டார்கள். இந்தப் பக்கம் பூமி இருக்கிறது, அது அணைவு. அந்தப் பக்கம் வெளிக்கடல்.

அமலனும் ஆறாம் வகுப்பில் இதையேதான் சொன்னான். சும்மா சொல்லவில்லை, அப்பாவோடு சண்டையே போட்டான்.

"ஏலே, நிலாவுல நின்னு பாத்தா பூமி எம்புட்டுப் பெருசு தெரியும்? கைய நீட்டிக் கட்டவெரலத் தூக்கு. அம்புட்டுதான். வெரலுக்குப் பின்னால ஒளிஞ்சிக்கிடும். அதுவாலே உனக்கு அலைதடுப்பு?" என்றார் இவர்.

அவன் விரலை நீட்டிப் பார்த்துவிட்டு, "அப்ப அது சொவரே இல்லாத ஹார்பராப்பா?" என்று கேட்டான். அந்தக் கேள்வியை இவர் வருஷக்கணக்காகப் பள்ளிக்கூடம் முழுக்கச் சொல்லிக்கொண்டு திரிந்தார். அவ்வளவு பெருமை.

இவர் சொல்லும் கணக்கு இதுதான். வானத்திலிருந்து வந்து விழுந்த கல், இரண்டு பக்கமும் ஏறக்குறைய ஒரே அளவில்தான் விழுந்தது. எந்தப் பக்கமும் தப்பவில்லை. ஆனால் நம்மைப் பார்த்த பக்கத்தில் நிலாவின் ஓடு மெலிசு, உள்ளே சூடும் ஜாஸ்தி. பெரிய கல் விழுந்து ஆழமாக வெட்டிய இடங்களில் அடியிலிருந்து நெருப்புக் குழம்பு கசிந்து மேலே வந்தது. வந்து, குழியெல்லாம் நிரப்பி, பரவி, ஆறிப்போனது. பழைய தழும்பெல்லாம் அதற்கு அடியில் போய்விட்டது. அந்தப் பக்கம் ஓடு தடிமன், குழம்பு வெளியே வர வழியில்லை. விழுந்த அடியெல்லாம் விழுந்தபடி கிடக்கிறது. அங்கே காற்றும் கிடையாது, மழையும் கிடையாது, அழிப்பதற்கு ஆளில்லை.

"வழுவழுன்னு தெரியுத எடம் அடி விழாத எடம்னு நெனச்சிராத. பெரிய பெரிய அடியெல்லாம் அங்கனயும்தான் விழுந்திருக்கு" என்று முடிப்பார்.

ஒரு பக்கம் மட்டும் ஓடு ஏன் மெலிசானது என்று கேட்டால், அதைப் பற்றிப் படித்தவர்கள் இன்னும் அடித்துக்கொள்கிறார்கள் என்பார். நான் கேட்டதில்லை. எனக்குக் குசினியில் வேலை இருந்தது.

மெத்தென்ற தரை

எனக்கு இது வேறு வழியாகப் புரிந்தது. என் அப்பா சங்கு குளிக்கப் போனவர். முத்துக்குளிப்பு எனக்கு நினைவு தெரியும் முன்பே நின்றுபோயிற்று. அதற்கு முந்தி அப்பா அதற்கும் போயிருக்கிறார். கடலுக்கு அடியில் பாறைத் திட்டாக இருப்பதைப் பார் என்பார்கள். சிப்பி பிடித்துக்கொண்டு வளர அந்தப் பாறை வேண்டும்.

எல்லாப் பாரிலும் ஏன் சிப்பி இல்லை என்று நான் ஒருதடவை கேட்டேன். "பார் எல்லா எடத்துலயும் இருக்கு. சில எடத்துல மணலு வந்து மூடிக்கிட்டு. காலு வச்சா மெத்துன்னு இருக்கும், கிழிக்காது. மெத்துன்னு இருந்தா அங்கன ஒண்ணும் கிடையாது, மேல வந்துர வேண்டியதுதான்" என்றார். அப்பாவின் உள்ளங்கால் தோல் கடைசிவரை வெடித்துத்தான் கிடந்தது.

எதற்கு இதை இப்போது சொல்கிறேன் என்றால், இவர் நிலா பாடம் எடுக்கும்போதெல்லாம் எனக்கு அந்த மெத்தென்ற தரைதான் ஞாபகம் வரும். அப்போது அது ஒரு ஞாபகம், அவ்வளவுதான்.

காற்று மாறினதும்

அமலன் சரக்குத் தோணியில் இன்ஜின் டிரைவர். மாலத்தீவுக்குக் காய்கறியும் ஜல்லியும் ஏற்றிக்கொண்டு போவார்கள். டிப்ளமா படித்தவன், பெரிய கப்பலுக்கு முயற்சி செய் என்று சொல்லிச் சொல்லி எனக்கு வாய் வலித்துவிட்டது. தோணிதான் பிடிக்கும் என்றான். திரும்பி வரும் வழியில் தோணிக்குள் தண்ணீர் ஏறிவிட்டது. மேலே நின்றவர்களை அந்த வழியாக வந்த கப்பல் தூக்கிவிட்டது. இவன் கீழே இன்ஜினோடு இருந்தான்.

உடம்பு கிடைக்கவில்லை. கல்லறைத் திருநாளில் ஊரே அவரவர் கல்லறையைக் கழுவிப் பூ வைக்கும்போது, நாங்கள் இருவரும் கல்லறைத் தோட்டத்து நடுவில் இருக்கிற பெரிய சிலுவைக்குக் கீழே மெழுகுதிரி வைப்போம். கல்லறை இல்லாதவர்களுக்கு அதுதான் இடம்.

அன்றைக்கு எனக்கு விழுந்த அடிதான் இவருக்கும் விழுந்தது. கூடக்குறைய இல்லை. பழைய துறைமுகத்துக்குப் போய்த் தோணிகளைப் பார்த்துக்கொண்டே நிற்பார். யாராவது கூட்டிக்கொண்டு வந்து விடுவார்கள். சுவரைப் பார்த்துக்கொண்டு இருவரும் சாப்பிடாமல் படுப்போம்.

அதற்கப்புறம்தான் மறதி வந்தது. முதலில் சாவி, பிறகு தெருப்பெயர். ஒருநாள் காலையில் காபியைக் கையில் வாங்கிக்கொண்டே கேட்டார்.

"ஏளா ரீத்தா, அமலன் எப்ப வாரான்?"

உட்காரவைத்து உள்ளதைச் சொன்னேன். அந்த மனுஷன் அப்போதுதான் முதன்முதலாகக் கேட்பவர் மாதிரி நெஞ்சில் அடித்துக்கொண்டு அழுதார். மறுநாள் காபிக்கு மறுபடியும், "அமலன் எப்ப வாரான்?" மறுபடியும் சொன்னேன், மறுபடியும் அழுதார். ஒரே ஆளிடம் ஒரே சாவை எத்தனை தடவை சொல்வது? திருநெல்வேலி டாக்டர், "புதுசு முதல்ல போகும்மா, பழசு நிக்கும்" என்று ஏதோ மளிகைச் சாமான் பற்றிச் சொல்வதுபோலச் சொன்னார். அவர் மேல் எனக்கு இன்னும் கோபம் தீரவில்லை.

பிறகு நான் பொய் சொல்ல ஆரம்பித்தேன். "மாலத்தீவுக்குப் போயிருக்கான். காத்து மாறினதும் வந்திருவான்."

"ஆமா, கச்சான் அடிக்கிதுல்லா. இப்ப தோணி எடுக்க முடியாது" என்று அவரும் தலையாட்டுவார். மேற்கே இருந்து அந்தக் காற்று அடிக்கும் மாதங்களில் தோணிகள் கரையில்தான் கிடக்கும், அவருக்குத் தெரியும். காற்று நின்று, தோணிகள் எல்லாம் போய் வந்து, மறுபடியும் கச்சான் தொடங்கினாலும் என் பதில் மாறவில்லை. அவரும் தலையாட்டினார்.

சொந்தக்காரர்கள் என்னிடம், "மறந்துபோனது ஒருவகையில நல்லதுதான் மைனி. அவராவது நிம்மதியா இருக்காருல்லா" என்பார்கள். அப்படிச் சொன்னவர்களை வெளியே போகச் சொல்லாமல் இருக்க நான் பட்ட பாடு கடவுளுக்குத்தான் தெரியும். நிம்மதி அவருக்கு. எனக்கு?

வெளிக்கடல் பார்த்த பக்கம்

ஜெசிந்தா நல்ல பிள்ளை. வேறு கல்யாணம் செய்துகொள் என்று முதலில் சொன்னவளே நான்தான். சின்ன வயது, வாழ வேண்டியவள். ரூபன் வீட்டில் பேசி முடித்ததும் என்னிடம் வந்து அழுதாள்.

"மாமாகிட்ட சொல்லாம எப்படி அத்த? அவரு ஒரு வார்த்த நல்லாயிருன்னு சொன்னாத்தான் எனக்கு மனசு ஆறும்."

"அவருக்கு அமலன் உயிரோட இருக்கான். நீ வேற ஒருத்தனைக் கட்டப்போறேன்னு அவர்கிட்ட நான் என்னன்னு சொல்லுவேன்?" என்றேன். கடைசியில் ஒரு யோசனை செய்தோம். ரூபனை ஜெசிந்தாவின் சித்தப்பா மகன் என்று சொல்வது, இரண்டு பேரும் காலில் விழுந்து கும்பிட்டுவிட்டுப் போவது. என்ன ஏது என்று அவருக்குத் தெரிய வேண்டாம்.

அப்படித்தான் அந்த ஞாயிற்றுக்கிழமை அவன் வந்து உட்கார்ந்து, பேச்சுக்கு வழியில்லாமல், சுவரைப் பார்த்தான். ஏதாவது பேச வேண்டுமே என்று பேசினான்.

"அந்தப் பக்கம் வெளிக்கடலப் பாத்த பக்கமா இருக்கும், இல்ல சார்? அதான் அத்தன அடி. இந்தப் பக்கத்துக்குப் பூமி அணைவா இருக்கு. நம்ம ஹார்பர் மாதிரி."

என் வீட்டுக்காரர் நிமிர்ந்து உட்கார்ந்தார். முகம் முழுக்க வெளிச்சம். பெற்ற பிள்ளையின் சாவை மறந்தவர், நிலாப் பாடத்தில் ஒரு எழுத்தைக்கூட மறக்கவில்லை. கையை நீட்டச் சொன்னார். ரூபன் நீட்டினான். கட்டைவிரலைத் தூக்கச் சொன்னார். தூக்கினான். அந்த நீட்டிய விரலையும் அதற்குப் பின்னால் இருந்த முகத்தையும் பார்த்துக்கொண்டே இருந்தவர், சத்தமாகச் சிரித்தார்.

"ஏலே அமலா! கழுத வயசாச்சு, இன்னும் இதயே சொல்லுதியே! எப்பலே வந்த? காத்து மாறிட்டா?"

ஜெசிந்தா முந்தானையை வாயில் வைத்துக்கொண்டாள். நீட்டிய விரலை மடக்கத் தெரியாமல் ரூபன் என்னைப் பார்த்தான். நான் என்ன சொல்ல? ஆமாம் என்று தலையாட்டவும் முடியவில்லை, வேண்டாம் என்று ஆட்டவும் முடியவில்லை.

"இப்பதாம்ப்பா வந்தேன்" என்றான் ரூபன்.

அவனை அறைய வேண்டும் போலவும் இருந்தது, அந்தக் கையைப் பிடித்து முத்தமிட வேண்டும் போலவும் இருந்தது. இரண்டும் செய்யவில்லை. குசினிக்குள் போய்க் குழாயைத் திறந்துவிட்டுக்கொண்டு நின்றேன். அங்கிருந்தே எல்லாம் தெரிந்தது, கேட்டது. இவர் ஜெசிந்தாவைக் கூப்பிட்டு அவள் கையைப் பிடித்து அவன் கையில் வைத்தார். இரண்டு பேர் நெற்றியிலும் சிலுவை போட்டார்.

"இனி தோணிக்கிப் போவாத. இவளத் தனியா விட்டுட்டுப் போவாத. கரையிலயே ஒரு வேலயப் பாரு" என்றார்.

"சரிப்பா. போவ மாட்டேன்" என்று அவன் சொன்னான்.

வாசலில் வண்டியை எடுக்கும்போது ரூபன் என்னிடம் வந்தான். "தப்பா எடுத்துக்கிடாதீங்க அத்த. அந்த நேரத்துல எனக்கு வேற ஒண்ணும் வாயில வரல."

"நல்லாயிருங்க ரெண்டு பேரும்" என்றேன். வேறு எதுவும் எனக்கும் வாயில் வரவில்லை.

காபி நேரம்

மறுநாள் காலையில் காபியைக் கொடுத்துவிட்டு வழக்கம்போலப் பதிலோடு நின்றேன். அவர் காபியைக் குடித்தார். சீனி போதவில்லை என்றார். வேறொன்றும் கேட்கவில்லை.

அதற்கு மறுநாளும் கேட்கவில்லை. அந்த வாரம் முழுக்கக் கேட்கவில்லை. மகன் வந்துவிட்டானே, இனி என்ன கேள்வி?

எத்தனை நாள் அந்தக் கேள்வியைக் கேட்டுப் பல்லைக் கடித்திருப்பேன்! வாயை மூடுங்க என்று கத்தியும் இருக்கிறேன். அது நின்றபிறகுதான் தெரிகிறது, அமலன் என்ற பெயரை இந்த வீட்டில் வாய்விட்டுச் சொல்ல இருந்த ஒரே ஆள் அவர்தான். ஊரில் யாரும் என் முன்னால் அவன் பெயரை எடுப்பதில்லை, நான் வருத்தப்படுவேனாம். ஜெசிந்தா எடுக்கக் கூடாது, அவளுக்கு வேறு வீடு. இவர் ஒருத்தர் தினம் காலையில் சொல்லிக்கொண்டிருந்தார். அதுவும் போயிற்று. இவருக்குள் இருந்த அமலனின் முகமும் போயிற்று, அங்கே இப்போது ரூபன் முகம். பெற்ற இரண்டு பேரில் அவனை அவனாக வைத்திருப்பது நான் மட்டும். நானும் போய்விட்டால்? இப்படி ஒரு தனிமை இருக்கும் என்று எனக்கு யாரும் சொல்லவில்லை.

கல்யாணம் கீழவைப்பாரில் நடந்தது. நான் போகவில்லை. உடம்பு சரியில்லை என்று சொல்லி அனுப்பினேன். கல்லறைத் திருநாளுக்கு இந்த முறை தனியாகப் போனேன். பெரிய சிலுவைக்குக் கீழே காற்றில் மெழுகுதிரி நிற்கவே இல்லை. யாரோ ஒரு அம்மா, "யாருக்கும்மா?" என்று கேட்டாள். சொல்ல வாயைத் திறந்துவிட்டு, சொல்லாமலே குனிந்து திரியை மறுபடி பற்றவைத்தேன்.

திரும்பி வந்தபோது இவர் முன்னறையில் அந்தப் படத்தைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். எனக்கு என்ன தோன்றியதோ, காலைக்கூடக் கழுவாமல் அவர் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தேன். அந்தக் கேள்வியை ஒருதரம் காதால் கேட்டால் போதும் என்று இருந்தது. அவர் கேட்கமாட்டார். நானே கேட்டேன்.

"ஏங்க, அமலன் எப்ப வாரான்?"

அவர் திரும்பி என்னை ஒருமாதிரி பார்த்தார்.

"என்னளா கேக்க? அன்னைக்கித்தான ஜெசிந்தாவக் கூட்டிட்டு வந்துட்டுப் போனான்? மக்ரூன்கூட வாங்கிட்டு வந்தாம்லா?"

நான் முந்தானையால் கண்ணைத் துடைத்தேன். அவர் முகத்தில் கவலை வந்தது. குனிந்து என் தலையைத் தடவினார்.

"மறந்துட்டியாக்கும்? சரி, போட்டும். அதுக்கு ஏன் அழுவுத? நீ மறந்தா என்ன, நான் இருக்கேம்லா. எல்லாம் நான் ஞாபகம் வச்சிக்கிடுதேன்."